நிற்க முடியாத பொம்மை

தீபாவளி நெருங்கினால் ஹட்டன் கடைவீதியில் மஞ்சள் முடிப் பொம்மைகள் தொங்கத் தொடங்கிவிடும். அசல் பார்பி அல்ல, அதன் சாயலில் வரும் மலிவுச் சரக்கு. ஆனால் இடை அதே இடை, கால் அதே கால். அக்கா மகளுக்கு ஒன்று வாங்கிப் போனேன். இஸ்தோப்பில் அதை நிறுத்திவைக்க ஒரு காலைப்பொழுது முழுக்க மன்றாடினாள். நிற்கவில்லை. குதி உயர்ந்த செருப்புக்கென்றே வார்த்த பாதம், நுனிவிரலில் எழும்பியே இருந்தது. கடைசியில் சுவரில் சாய்த்துவிட்டு, "மாமா, இவளுக்குக் கால் வலிக்குதாக்கும்" என்றாள்.

1959 மார்ச்சில் பார்பியை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் நியூயோர்க் பொம்மைச் சந்தைக்குக் கொண்டுவந்த அந்த இடையைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 1965இல் வந்த ஒரு பார்பியோடு எடை பார்க்கும் தராசும் வந்தது. அது காட்டிய எடை 110 இறாத்தல். கூடவே இருந்த குட்டிப் புத்தகம் மெலிவதற்குச் சொன்ன வழி: சாப்பிடாதே. பார்பி படங்களைப் பார்த்த 5 முதல் 8 வயதுச் சிறுமிகள் தங்கள் உடம்பில் குறை கண்டதாக 2006இல் பிரித்தானிய ஆய்வொன்று சொன்னது. 2015இல் கணுக்கால் மடங்கியது, பாதம் தரையில் பட்டது. 2016இல் பருத்தவள், நெடியவள், குட்டையானவள் என மூன்று புது உடம்புகளும் ஏழு தோல் நிறங்களும் வந்தன. நல்லதுதான். குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் "சாப்பிடாதே" என்ற சொல் தேயிலை மலையில் வந்து விழும்போது அதன் பொருள் வேறு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்குப் 17 பேர். தோட்டங்களில் ஏறக்குறைய 32 பேர். மிட்வைஃப் அம்மா நிறுத்துப் பார்த்து, நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா சத்துமா கொடுத்துவிட்டுப் போவார். அதை உருண்டை பிடித்தால் வீட்டிலிருக்கும் எல்லாப் பிள்ளைகளும் கை நீட்டும். எந்தத் தாய் ஒருத்தியை மட்டும் கூப்பிட்டு ஊட்டுவாள்? இங்கே உடம்பின் அளவை முதலில் தீர்மானிப்பது சோற்றுப் பானை. பொம்மையின் முறை பிறகுதான்.

இன்னொரு பொம்மையும் உண்டு. நுவரெலியாவில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் கொழுந்து பறிக்கும் பெண். சேலை கலையவில்லை, இடை ஒடிகிறது, முகத்தில் ஓயாத சிரிப்பு, முதுகில் கட்டைவிரல் அளவு கூடை. கண்காணாத தேசத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லும் பொய்யைவிட, பெற்ற தாயைப் பற்றிச் சொல்லும் பொய்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. கொழுந்து பறிக்கும் அக்காவின் உச்சந்தலையில் கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி முடி மெலிந்த ஒரு தடம் இருக்கிறது. விரல் நுனி கொழுந்துக் கறையில் கறுத்து வெடித்திருக்கிறது. இடுப்பில் படங்கு, காலில் அட்டை கடித்த தழும்பு. சரிவில் நின்றே பொழுது போகும். அப்படி நின்றும் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். இத்தனையும் அந்தப் பொம்மையிடம் இல்லை. சிரிப்பு மட்டும் இருக்கிறது.

கம்பனிகளை மட்டும் திட்டிவிட்டு நகரவும் எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்குள் நுழைந்ததும் "கறுப்பா பொறந்துட்டாளே" என்று சொன்னது எந்தக் கம்பனி? சடங்குக்கு உட்கார்ந்தவளைக் "கட்டச்சி" என்று சொல்லிச் சிரித்தது யார்? அந்தச் சிரிப்பில் நானும் இருந்திருக்கிறேன். பொம்மை கைக்கு வருமுன்பே அதற்கான இடத்தை நாமே துடைத்து வைத்துவிடுகிறோம். அந்தச் சொற்களை வீட்டில் நிறுத்தப் பணம் வேண்டாம், சம்பள உடன்படிக்கையும் வேண்டாம்.

பொம்மை நிற்க மறுத்த அன்று பின்னேரம் பார்த்தால், பழைய படங்கில் ஒரு துண்டை வெட்டிப் பொம்மையின் இடுப்பில் சுற்றியிருந்தாள் சின்னவள். தீப்பெட்டியில் நூல் கோத்துக் கூடையாக்கித் தலையில் மாட்டியிருந்தாள். பாரத்துக்குப் பொம்மையின் கழுத்து பின்னால் சாய்ந்து கிடந்தது.

மலையிலிருந்து வந்த அக்கா, ஈரப் படங்கை அவிழ்த்தபடியே பார்த்தாள்.

"என்னாடி, இவளுக்குப் பேர் போட்டாச்சா?"

"அரைப்பேருதாம்மா. நிக்கவே மாட்டேங்குறா."