துருவும் மலமும்

ஈரமான கொட்டகையில் பல மாதங்கள் ஓடாமல் நின்ற பழைய டிராக்டரில், இஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும் அதன் விசையைக் கியர்பெட்டிக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட்டுக்கும் இடையே துரு படர்ந்து, பெடலை மிதித்தாலும் இரண்டும் பிரியாமல் ஒட்டிக்கொள்வதுண்டு. காரணத்தை ஐயமற அறிந்தாலும் அந்தப் பிடி விடாது என்பது, உயிரின் கட்டு நீங்குவது அறிவினாலா செயலினாலா என்னும் பழைய வினாவோடு நேரே தொடர்புடையது. கட்டு அறியாமையே, ஆதலால் மெய்யறிவே அதை நீக்கும் என்பது அத்வைத வேதாந்தம். 12ஆம் நூற்றாண்டின் அகோர சிவாசாரியார் முதலிய ஆகம சைவ ஆசிரியர்களோ, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் ஒரு திரவியம், அதாவது உள்பொருள், ஆகவே தீக்கை என்னும் கிரியையே அதனை அகற்றும் என்றனர்.

மெக்கானிக்கின் வழியும் கிரியைதான்: பெடலை மிதித்த நிலையில் கட்டையால் முட்டுக்கொடுத்துச் சில நாள் விடுவது, இளகாவிடில், கியரில் கிளப்பிய கணமே வண்டி பாயுமாதலால் ஆளில்லாத திறந்த வயலில், சூடேறிய இஞ்சினோடு ஓட்டி, பெடலை மிதித்தபடியே பிரேக்கை அழுத்துவது. செய்யத் தெரிந்தவனிடம் அறிவும் இருக்கிறதே என்று வேதாந்தி மறுக்கலாம். ஆயினும் துருவை விடுவிப்பது விசையே என்பதால் சைவர் வாதமே இங்கு வலியது. முட்டுக்கொடுத்துக் காத்திருப்பதை மலபரிபாகம், அதாவது மலம் பக்குவமடைதல், என்பதோடு ஒப்பிடலாம். ஆனால் உவமை முழுதும் பொருந்தாது: துரு இடையில் வந்தது, ஆணவமோ அநாதி, முத்தியிலும் அது அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்குகிறது.