கடலோரத்தில் ஒரு வீடு

நம்மவர்களுக்கு இன்பத்துக்காகச் செலவு செய்வதில் ஒரு கூச்சம் இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கு என்றால் கடன் வாங்குவோம். பெண்ணின் கல்யாணத்துக்கு என்றால் நிலத்தை விற்போம். ஊர்க் கோயில் குடமுழுக்குக்கு என்றால் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுப்போம். ஆனால், 'எனக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்கிறது. அதற்காக ஒரு வீடு வேண்டும்' என்று கட்டிய மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொல்லத் துணியமாட்டோம். சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். இந்தச் சங்கடத்தைத் தீர்க்கவே 'முதலீடு' என்ற சொல் வந்து சேர்ந்ததோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. அந்தச் சொல்லைப் போர்த்திவிட்டால் போதும். எந்த ஆசையும் பெரிய மனிதரைப்போல நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் மதிப்பைக் கண்கூடாகப் பார்க்கலாம். நீலாங்கரை தாண்டி, உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம் என்று போகப் போக விளம்பரப் பலகைகள் கூடிக்கொண்டே வருகின்றன. ஓய்வுக்கு ஓய்வுமாயிற்று, வருமானத்துக்கு வருமானமுமாயிற்று என்பதுதான் எல்லாப் பலகைகளும் சொல்லும் செய்தி. அப்படி ஒரு வீடு கணக்குப்படி கட்டுப்படியாகுமா என்பது ஒரு கேள்வி. கட்டுப்படியானால் வாங்குவது சரியாகிவிடுமா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவதுக்கும் விடை கிடைத்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். எனக்கு வியப்பைத் தருவது அதுதான்.

என் நண்பர் ஒருவர் அடுத்த ஆண்டு பணியிலிருந்து ஓய்வு பெறப் போகிறவர். நேர்மையாக உழைத்துச் சேர்த்த பணம் கொஞ்சம் கையில் வரும். அவரும் இப்படி ஒரு வீட்டைப் பார்த்துவைத்துவிட்டு, 'கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்' என்று ஒரு தாளோடு வந்தார். நான் கல்லூரியில் இரண்டு ஆண்டுக்கு மேல் படிக்காதவன். ஆனால் இந்தக் கணக்குக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வீட்டின் விலை ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணலைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அந்தச் சாலையில் அது காணாது. கணக்குக்கு எளிது என்பதற்காகச் சொல்கிறேன். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக நூற்றுக்கு 9 வீதம் 9 லட்சம். முன்பு நூற்றுக்கு 11 இருந்தது, 2023-இல் குறைத்தார்கள். ஆக, ஒரு கோடியே ஒன்பது லட்சம். இந்தத் தொகை வங்கியில் நூற்றுக்கு 7 வட்டியில் கிடந்தால் ஆண்டுக்கு ஏழு லட்சத்து அறுபத்து மூவாயிரம் வரும். அது போயிற்று. காவல்காரருக்கு மாதம் பன்னிரண்டாயிரம் என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். சொத்து வரி, மின்சாரம், வெள்ளையடிப்பு, பழுது என்று இன்னொரு லட்சம். பழுது என்பது அங்கே சாதாரணமானதன்று. உப்புக் காற்று சன்னல் கொண்டியைத் தின்னும்; மின்விசிறியைத் தின்னும்; பிறகு சுவருக்குள் போய் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்து, மூடியிருக்கும் சிமெண்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். ஆக மொத்தம் ஆண்டுக்குப் பத்து லட்சம். நண்பர் மிகவும் தாராளமாக, ஆண்டுக்கு இருபத்தைந்து இரவு அங்கே தங்குவதாகச் சொன்னார். வகுத்துப் பார்த்தால் இரவு ஒன்றுக்கு நாற்பதாயிரம் ரூபாய். அந்தச் சாலையிலேயே நல்ல விடுதியில் இதில் பாதி கொடுத்தால் அறை கிடைக்கும். படுக்கை விரிப்பையும் அவர்களே மாற்றிவிடுவார்கள்.

நண்பர் சளைக்கவில்லை. 'மனை விலை ஏறுமே?' என்றார். ஏறலாம். ஆனால் கட்டடம் தேயும். ஏறிய விலை கைக்கு வரவேண்டுமானால் விற்கவேண்டும். விற்றால் வீடும் போகும், கடலும் போகும். 'வரிச் சலுகை இருக்கிறதே?' என்றார். உண்மைதான். சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளும் இரண்டாவது வீட்டுக்கு, வராத வாடகையை வந்ததாகப் பாவித்து வரி போடும் வழக்கத்தை 2019-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கைவிட்டார்கள். ஒருவர் இரண்டு வீடு வரை இந்தப் பாவனை இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வரி மிச்சமாவது வேறு, வருமானம் வருவது வேறு.

கடைசியாகத் தம் துருப்புச் சீட்டை இறக்கினார்: 'நாங்கள் இல்லாத நாட்களில் வாடகைக்கு விட்டால்?'

இங்கேதான் கணக்கு சுவையாகிறது. கடலோர வீட்டை யார், எப்போது வாடகைக்குக் கேட்பார்கள்? சனி, ஞாயிறு கேட்பார்கள். பொங்கல் விடுமுறையில் கேட்பார்கள். டிசம்பர் கடைசி வாரத்துக்கும் மே மாதத்துக்கும் கேட்பார்கள். பேரக் குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். நமக்கு வேண்டிய நாள்தான் ஊருக்கும் வேண்டிய நாள். நாம் போய்த் தங்கினால் வருமானம் இல்லை. வருமானம் வேண்டுமானால் நாம் போகக்கூடாது. புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை புழுக்கத்தில் வேண்டுமானால் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். ஆக, அந்த வீடு எந்த அளவுக்கு லாபகரமாகிறதோ, அந்த அளவுக்கு அது நம்முடையதாக இல்லாமல் போகிறது. முழு லாபம் வேண்டுமானால் முழுவதும் விலகி நிற்க வேண்டும். அப்படி நிற்பதென்றால் கடலோரத்தில் எதற்கு? அம்பத்தூரில் ஒரு கிடங்கு வாங்கி வாடகைக்கு விடலாமே! அதை நான் சொன்னபோது நண்பரின் முகம் வாடிவிட்டது. அவர் ஆசைப்பட்டது வருமானத்துக்கன்று என்பதை அவருடைய முகமே சொல்லிவிட்டது.

ஆசைப்பட்டதில் என்ன தவறு? இந்த இடத்தில் ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று தொடங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டு ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், மிச்சமுள்ள நாட்களில் கொஞ்சம் அலையோசை கேட்க விரும்பினால் அது அவருடைய உரிமை. பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தார்கள். அலைக்கு முன்னால் உட்காரும் மனிதனுக்குள் ஏதோ ஒன்று ஏங்கத் தொடங்குகிறது என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த ஏக்கத்துக்கு விலை கொடுக்க ஒருவன் தயாராக இருந்தால் அதைச் செலவு என்றே சொல்லிக் கொடுக்கட்டும். லாபம் என்று சொல்லும்போது பொய் நுழைகிறது. செலவென்று ஒப்புக்கொண்டவன் 'என்னால் இது முடியுமா, இதனால் யாருக்காவது கெடுதலா?' என்று கேட்பான். லாபமென்று நம்புகிறவனுக்கு அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

யாருக்குக் கெடுதல் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கடற்கரை மணலுக்கடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது. அது உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு மெல்லிய ஏடு. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது உப்பு நீரை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஓர் அடி இறைத்துவிட்டால் கீழிருந்து நாற்பது அடிக்கு உப்பு நீர் ஏறி வரும். நீச்சல் குளத்துக்கும் புல்தரைக்கும் ஆழ்துளைக் கிணற்றில் இறைப்பவருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் கவலையில்லை, குடிப்பதற்குப் பட்டணத்திலிருந்து குப்பியில் கொண்டு வருகிறார். பக்கத்துக் குப்பத்துப் பெண்ணின் குடத்தில்தான் கரிப்பு தெரியும்.

மணலின் கதை இதைவிட வினோதமானது. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டில் பெரும்பகுதி அது அலையோடு வடக்கு நோக்கி நடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது சில மாதம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். வழியில் எவராவது கல்லைப் போட்டுத் தடுத்தால் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை கரையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டினார்கள். தெற்கே மெரீனா அகலமாயிற்று. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. நாம் காலாற நடந்து சுண்டல் வாங்கித் தின்னும் அந்தப் பரந்த மணல், வடசென்னைக்காரன் இழந்த மணல் என்று சொன்னாலும் பிழையில்லை. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழுப்பினார்கள். நகரத்தின் மணற்கரை கரைந்து பாறாங்கல் வரிசை மட்டும் நின்றது; அதற்கும் வடக்கே மீனவ ஊர்களின் கரைகள் அரிக்கப்பட்டன. துறைமுகம் ஊருக்கெல்லாம் பொது. அதையாவது ஒருவாறு மன்னிக்கலாம். தனி ஒருவர் தம் ஓய்வு வீட்டின் மதிலைக் காக்கக் கல்லைக் கொட்டினால் என்ன சொல்வது? அவர் கெட்டவர் அல்லர். தம் முதலீட்டைக் காப்பாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

'மீனவர்களே நிலத்தை விற்கிறார்களே' என்று சிலர் கேட்பார்கள். விற்கிறார்கள்; நல்ல விலை கிடைத்தால் அவர்கள் மட்டும் ஏன் விற்கக்கூடாது? பட்டா நிலத்தை விற்றவர் மணற்பரப்பை விற்றுவிடவில்லை என்பதுதான் என் பேச்சு. படகை ஏற்றி நிறுத்தவும், வலையை விரித்துப் பின்னவும், கருவாடு உலர்த்தவும் அந்தப் பரப்பு வேண்டும். அது யாருடைய சொத்தும் அன்று. அதனாலேயே எல்லாருடைய சொத்தும் ஆகும். கடற்கரை காற்றைப் போலப் பொதுவானது என்ற எண்ணம் ரோமானியரின் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் புதிதாக வந்தவர் முதலில் கருவாட்டு நாற்றத்தைப் பற்றிப் புகார் செய்கிறார். பிறகு வேலி போடுகிறார். பிறகு அந்த வேலியே எல்லையாகிவிடுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1991-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊர்ப்புறங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது என்றது. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையில், மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களுக்கு அது 50 மீட்டராகச் சுருங்கியது. இடையில் 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்து தமிழகக் கரையில் எட்டாயிரம் பேர் அளவில் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு, வீடிழந்த மீனவருக்கு 200 மீட்டருக்கு அப்பால்தான் புது வீடு என்று அரசு முடிவு செய்தது. பாதுகாப்புக்காகச் செய்தது, குறை சொல்ல வரவில்லை. பிழைப்புக்காகக் கடலோரம் இருந்தவன் பின்னுக்குப் போவதும், பொழுதுபோக்குக்காக வருகிறவன் முன்னுக்கு வருவதும் ஒரே கரையில் நடப்பதைத்தான் சுட்டிக் காட்டுகிறேன்.

இது நம் நாட்டுச் சங்கதி மட்டுமன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் செயிண்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள் பெருகி, உள்ளூர்ப் பிள்ளைகள் குடியிருக்க இடம் கிடைக்காமல் தவித்தார்கள். 2016 மே மாதம் அவ்வூரார் வாக்கெடுப்பில், இனிக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பவரே இருக்கவேண்டும் என்ற விதியை ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆதரித்தார்கள். விளக்கு எரியாத வீடுகளின் நடுவே வாழ்வது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

நண்பருடன் நானும் ஒருநாள் போய் அந்த வீட்டைப் பார்த்தேன். அழகான வீடு, பொய் சொல்ல மனமில்லை. மாடியில் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை நீலம். பின்பக்கம் காவல்காரர் தம் மனைவியுடன் இருந்தார். ஆண்டில் முந்நூற்றுச் சொச்சம் இரவு அந்த அலையோசையைக் கேட்டு உறங்குபவர். அதற்காக மாதச் சம்பளமும் வாங்குபவர். அவருடைய அறைக்கு மட்டும் கடல் பக்கம் சன்னல் வைக்கவில்லை. நண்பர் அவரிடம், 'இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?' என்று கேட்டார்.

'பதினோரு வருஷம் ஆச்சுங்க ஐயா. நான் வந்தப்போ அந்தத் தென்னைக்கு அப்பால இன்னும் ரெண்டு வரிசை மரம் இருந்துச்சு.'

அவர் காட்டிய இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. வீட்டை விற்க வந்தவர் பேச்சை மாற்றிச் சமையலறையைக் காட்ட அழைத்துப் போனார்.

தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. வட்டி எதிர்பாராமல் கட்டியதற்கே அந்தக் கதி.

நண்பர் முன்பணம் கொடுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முதல் விலை ஏறும் என்று விற்பவரிடமிருந்து மூன்று முறை தொலைபேசி வந்ததாம். கடலுக்கு அரை மைல் மேற்கே, குப்பத்தைத் தாண்டி, இரண்டு அறையுள்ள ஓர் ஓட்டு வீட்டை ஆண்டு முழுவதற்கும் வாடகைக்குப் பேசியிருப்பதாகப் போன வாரம் சொன்னார். காலையில் மணல் வரை நடந்து போய்விட்டு வரலாம். திரும்பும்போது படகில் வந்த மீனை வாங்கிக்கொள்ளலாம். 'இதில் என்ன லாபம்?' என்று மனைவி கேட்டாராம். ஒன்றுமில்லை, எனக்குக் கடல் பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். அதற்கு அந்த அம்மாள் என்ன பதில் சொன்னார் என்பதை மட்டும் அவர் எனக்குச் சொல்லவில்லை.