ஸங்கல்பமும் சரணாகதியும்

ஆண்டு பிறக்கும் நாளில் திருக்கோயில்களில் ஸேவார்த்திகளின் கூட்டம் பெருகுகிறது. சித்திரை முதல் நாளில் பஞ்சாங்க படனம் கேட்க வருவோர் ஒருபுறம். ஜனவரி முதல் தேதி விடியற்காலையிலேயே வரிசையில் நிற்போர் மற்றொருபுறம். விழுப்புரம் ஸ்ரீ வைகுண்டவாஸப் பெருமாளிடமும், திண்டிவனம் ஸ்ரீ லக்ஷ்மீ நரஸிம்ஹரிடமும் அன்று விண்ணப்பிக்கப்படுபவை பெரும்பாலும் ஒரே வகையினவே. மகனுக்கு உத்தியோகம் கிடைக்க வேண்டும். மகளுக்கு வரன் அமைய வேண்டும். கடன் அடைய வேண்டும். கிணற்றில் நீர் வற்றாதிருக்க வேண்டும். இவற்றைக் கேட்பதில் குற்றம் ஏதுமில்லை. குழந்தை தந்தையிடம் கேளாமல் வேறெவரிடம் கேட்கும்? ஆயினும் இவை யாவும் எம்பெருமான் செய்ய வேண்டியவையே. "இவ்வாண்டில் நீவிர் செய்யப் போவது யாது?" என்று அவன் திருப்பிக் கேட்பானாயின், விடை சொல்ல வல்லவர் சிலரே. தா என்று கேட்பது வேண்டுதல். செய்வேன் என்று துணிவது ஸங்கல்பம். இரண்டும் ஒன்றெனக் கொள்வதால்தான் ஆண்டுகள் பல பிறந்தும் இல்லங்களில் பழைய நிலையே நீடிக்கிறது.

அடியார் குழாத்தில் இதற்கு ஓர் ஆக்ஷேபம் எழுவதுண்டு. சரணாகதி செய்தவன் தன் பாரத்தை அவன் திருவடியில் வைத்துவிட்டான். இனி அவனுக்கென்று ஒரு திட்டம் எதற்கு? "நான் இதைச் செய்வேன்" என்பதே அஹங்காரம் அன்றோ? சிலர் இதை உண்மையான விநயத்தால் கேட்கின்றனர். சோம்பலுக்கு வேதாந்தப் போர்வை போர்த்திக் கேட்போரும் உண்டு. எவ்வாறாயினும் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று.

சரணாகதிக்கு நம் பெரியோர்கள் கூறும் ஐந்து அங்கங்களை நோக்கினால் விடை கிடைக்கிறது. ஆநுகூல்ய ஸங்கல்பம், ப்ராதிகூல்ய வர்ஜநம், கார்ப்பண்யம், மஹாவிச்வாஸம், கோப்த்ருத்வ வரணம் என்பன அவை. அவனுக்கு உகந்ததைச் செய்வேன் என்ற உறுதி, உகவாததை விடுதல், தன் கதியற்ற நிலையை உணர்தல், அவன் காப்பான் என்ற திடநம்பிக்கை, காக்க வேண்டுமென வரித்தல். இவற்றைச் சரணாகதியின் உறுப்புகள் என்பாரும், சரணடைந்தவனிடம் தாமே விளையும் இயல்புகள் என்பாரும் உண்டு. அவ்வழக்கு இங்கு வேண்டா. முதலாவதாக எண்ணப்படுவது ஒரு ஸங்கல்பம் என்பதே இங்குக் கருதத்தக்கது. எல்லாவற்றையும் அவனிடம் விட்டவனுக்கும் துணிவு ஒன்று உண்டு. அத்துணிவு எதைப் பற்றியது என்பதில்தான் வேறுபாடு. விளைவு அவனுடையது, உகந்ததைச் செய்யும் முயற்சி அடியவனுடையது. அவன் எல்லா உயிர்களிலும் அந்தர்யாமியாய் நிற்பதால், அவ்வுயிர்கள் அனைத்துக்கும் அநுகூலனாய் இருப்பேன் என்பதே ஆநுகூல்ய ஸங்கல்பத்தின் பொருளாகப் பெரியோர் விரித்துரைத்தனர். அந்த உயிர்களுள் மனைவியும் மக்களும் முதியோரும் அடங்குவர். கோயில் வாசலில் அன்பொழுகப் பேசி, வீட்டு வாசலில் சீறி விழுபவன் அநுகூலன் ஆகான்.

வைதிகக் கர்மங்களின் தொடக்கத்தில் சொல்லப்படும் ஸங்கல்ப வாக்கியத்தின் அமைப்பும் சிந்திக்கத்தக்கது. கல்பம், மந்வந்தரம், யுகம் என்று காலத்தின் பேரளவிலிருந்து இறங்கி, அறுபது ஆண்டுகளுள் ஓராண்டு, ஓர் அயனம், ஒரு ருது, ஒரு மாதம், ஒரு பக்ஷம், ஒரு திதி என்று அது இன்றைய நாளில் வந்து நிற்கிறது. தேசமும் அவ்வாறே ஜம்பூத்வீபத்தில் தொடங்கிச் சுருங்கி வருகிறது. இவ்வளவு பெரிய காலத்திலும் இடத்திலும் தான் நிற்பது ஒரு புள்ளி என்று உணர்ந்த பிறகே கர்த்தா "செய்கிறேன்" என்கிறான். அஹங்காரத்துக்கு அங்கே இடமேது? மேலும், அந்த வினை தன்மையில்தான் அமைகிறது. "என் மகன் செய்வான்" என்று ஸங்கல்ப வாக்கியம் இல்லை. மகன் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்று தந்தை முடிவு செய்து, அதனைக் குடும்பத்தின் குறிக்கோள் என்று அறிவிப்பது இந்நாளில் மிகுதி. அது ஸங்கல்பம் அன்று, ஆணை. மகன் படிக்கும் இரவுகளில் வீட்டில் தொலைக்காட்சி ஒலிக்காது என்றோ, மதிப்பெண்ணைப் பிறர் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசமாட்டேன் என்றோ அத்தந்தை துணிவாராயின், அது ஸங்கல்பம்.

துணிவன சிலவாகவும் இருத்தல் வேண்டும். விழுப்புரம் சந்திப்பில் இருப்புப்பாதை ஐந்து திசைகளில் பிரிகிறது. சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்துக்கும் வண்டி உண்டு. எனினும் பயணி ஒருவன் ஒன்றில்தான் ஏற முடியும். ஏறியபின் மற்ற நான்கு ஊர்களும் அன்று அவனுக்கு இல்லை. புத்தாண்டன்று பத்துத் தீர்மானங்கள் செய்பவன் நடைமேடையிலேயே நிற்பவனுக்கு ஒப்பாவான்.

இவ்விஷயத்தில் ஸம்ப்ரதாயம் நமக்குக் காட்டும் பெரும் எடுத்துக்காட்டு எம்பெருமானார் ஸ்ரீ ராமாநுஜர் (1017–1137). ஆளவந்தாரை ஸேவிக்கும் ஆவலுடன் பெரிய நம்பிகளோடு காஞ்சியிலிருந்து புறப்பட்ட அவர் திருவரங்கம் சேர்ந்தபோது, ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளியிருந்தார். சரம திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. ராமாநுஜர் அதன் குறிப்பை வினவி அறிந்து மூன்று ப்ரதிஜ்ஞைகள் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் நிமிர்ந்தது என்று குருபரம்பரை கூறுகிறது. ப்ரஹ்ம ஸூத்ரத்துக்கு விசிஷ்டாத்வைத பாஷ்யம் காண்பது ஒன்று. பராசர, வ்யாஸ முனிவர்களின் திருநாமம் உலகில் நிலவச் செய்வது ஒன்று. நம்மாழ்வாரின் தமிழ் மறைக்கு ஏற்றம் தேடுவது ஒன்று.

மூன்றே மூன்று! அவற்றுள் எதுவும் அவருடைய சொந்த ஆசையில் பிறந்ததன்று. முன்னோர் முடிக்காமல் விட்டுச் சென்ற கடன்கள் அவை. இன்றைய இல்லங்களிலும் இவ்வாறு மடங்கிய விரல்கள் உண்டு. தந்தை கட்டத் தொடங்கிப் பாதியில் நின்ற சுவர், பாட்டனார் பேசாமல் விட்ட தம்பி குடும்பம், தாய் நேர்ந்துகொண்டு செல்ல முடியாமல் போன திருமலை யாத்திரை. புதிய குறிக்கோள்களைத் தேடி அலைவோர் முதலில் வீட்டுப் பெரியவர்களின் கைகளை உற்று நோக்குவது நலம்.

அம்மூன்றும் நிறைவேறிய விதமும் கவனிக்கத்தக்கது. பாஷ்யத்துக்கு வேண்டிய போதாயந வ்ருத்தியைக் காண ராமாநுஜர் கூரத்தாழ்வானுடன் காஷ்மீரம் வரை சென்றார். ஏட்டைக் கொண்டுவர இயலவில்லை; ஆழ்வான் அதனை நெஞ்சில் பதித்துக்கொண்டார். பின்னர் ராமாநுஜர் சொல்ல ஆழ்வான் எழுத ஸ்ரீபாஷ்யம் வளர்ந்தது. திருவாய்மொழிக்கு உரையை அவர் தாமே எழுதவில்லை; திருக்குருகைப் பிரான் பிள்ளானைக் கொண்டு ஆறாயிரப்படியை வெளியிட்டார். பராசர, வ்யாஸர்களின் பெயர் நிலவியது எங்ஙனம்? ஆழ்வானின் இல்லத்தில் பிறந்த இரு குழந்தைகளுக்கு அத்திருநாமங்கள் சாற்றப்பட்டன. அவர்களுள் பராசர பட்டர் பின்னாளில் விஷ்ணு ஸஹஸ்ரநாமத்துக்கு பகவத்குணதர்ப்பணம் என்னும் வ்யாக்யானம் அருளினார். ஒரு துறவியின் ப்ரதிஜ்ஞை ஓர் இல்லறத்தாரின் தொட்டிலில் நிறைவேறிற்று. தனி ஒருவர் கொள்ளும் உறுதியும் பிறர் கைகொடாமல் முற்றுப் பெறுவதில்லை.

கைகொடுப்பவருக்கு மறுக்கும் உரிமையும் உண்டு. தாம் சொல்வதில் உடன்பாடில்லையெனில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆழ்வானுக்கு ராமாநுஜர் இட்ட நியமனம். ஜீவாத்ம ஸ்வரூபம் பற்றிய ஓரிடத்தில், எம்பெருமானுக்கு அது சேஷப்பட்டது என்பதைக் கூறாமல் அறிவுடைமையை மட்டும் ஆசார்யர் சொன்னபோது, ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. ஆசார்யர் சினந்தார், எழுத்தாணி அசையவில்லை. பின்னர் ஆய்ந்து, சீடர் நின்றதே சரியென்று உணர்ந்து திருத்திச் சொன்னார். ஒரு குடும்பத்தில் குறிக்கோள் வகுக்கும்போது இவ்வாறு எழுத்தாணியை நிறுத்தும் துணிவு மனைவிக்கு உண்டா, மக்களுக்கு உண்டா? நிறுத்தினால் குடும்பத் தலைவர் மீண்டும் ஆய்வாரா, சினத்தோடு முடித்துவிடுவாரா? உடையவருக்கே திருத்தம் தேவைப்பட்டதெனில் மற்றையோர் தம் சொல்லையே முடிந்த முடிவாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

ஆழ்வானின் இல்லற வரலாற்றில் மற்றொரு செய்தி உண்டு. கூரத்தில் பெருஞ்செல்வராய் இருந்த அவர் அனைத்தையும் துறந்து, தம் தேவிகள் ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கி நடந்தார். காட்டு வழியில் அம்மையார், "இவ்வழியில் பயம் உண்டோ?" என்று வினவ, மடியில் கனம் இருந்தாலன்றோ வழியில் பயம் என்றார் ஆழ்வான். அப்பொழுதுதான், கணவர் நீர் அருந்துவதற்கென்று ஒரு பொன் வட்டிலை அம்மையார் மடியில் கொண்டுவந்தது தெரிந்தது. ஆழ்வான் அதனை வாங்கி எறிந்துவிட்டார். இதனைச் சொல்வோர் அம்மையாரைக் குறை கூறுவது வழக்கம். அவர் எடுத்து வந்தது தமக்காக அன்று, கணவரின் தாகத்துக்காக என்பதை மறத்தலாகாது. அன்பினால் வந்ததாயினும் கனம் கனமே. குடிப்பழக்கத்தை விடுவேன் என்று துணிந்தவனுக்குத் "திருநாள் அன்று மட்டும்" என்று உறவினர் நீட்டுவதும், சிக்கனமாய் நடத்தத் துணிந்த கல்யாணத்துக்கு "ஊர் என்ன சொல்லும்" என்று மாமனார் சேர்ப்பதும் இவ்வகைப் பொன் வட்டில்களே.

இல்லறத்தார்க்குக் குறிக்கோள் என்பது புத்தாண்டன்று புதிதாகப் பிறப்பதும் அன்று. விவாஹத்தின் ஸப்தபதியிலேயே அது சொல்லப்பட்டுவிட்டது. ஆபஸ்தம்ப முறையில் முதலடி அன்னத்துக்காக, இரண்டாவது வலிமைக்காக, மூன்றாவது விரதத்துக்காக, பின்னவை முறையே இன்பம், பசுக்கள், ருதுக்கள், வேள்விகள் ஆகியவற்றுக்காக. விரதம் பசுச் செல்வத்துக்கு முன்னரே வருகிறது. ஏழாம் அடி முடிந்ததும் அவள் தோழி ஆகிறாள். ஒவ்வோர் அடியிலும் விஷ்ணு உன்னைப் பின்தொடரட்டும் என்று மணமகன் கூறுகிறான். விழுப்புரத்திலிருந்து அதிக தொலைவில் இல்லாத திருக்கோவலூரில் ஓங்கி நின்று உலகளந்தவன் எவனோ, அவனே இரு மனிதர்களின் சிற்றடிகளின் பின்னே நடந்து வருகிறான்! அம்மந்திரங்களைப் புகைப்படக்காரரின் அவசரத்துக்காகச் சுருக்கச் சொல்லும் வீட்டாரை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது. ஆண்டுப் பிறப்பன்று கணவனும் மனைவியும் அவ்வேழையும் ஒருமுறை நினைவுகூர்ந்து, எந்த அடி தளர்ந்திருக்கிறது என்று பேசிக்கொள்வதற்குச் செலவு ஏதுமில்லை.

காலவரையறை பற்றியும் ஒரு சொல். இவ்விழாவுக்கு வந்துள்ள அன்பர்கள் உத்ஸவ முறையிலேயே அதனைக் காணலாம். மண் எடுத்துப் பாலிகைகளில் விதை தெளித்து அங்குரார்ப்பணம் ஆகிறது; ரக்ஷாபந்தனம் ஆகிறது; கொடி ஏறுகிறது. காப்புக் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. தீர்த்தவாரி ஆகிக் கொடி இறங்கியபின் காப்பு அவிழ்கிறது. தொடங்கும் நாளும் முடியும் நாளும் முன்னரே தெரிந்திருப்பதால்தான் இடைப்பட்ட நாட்களின் கட்டுப்பாடு எளிதாகிறது. "இனி எப்போதும்" என்பவன் பத்தாம் நாள் தளர்கிறான். "அடுத்த ஏகாதசி வரை" என்பவன் அதனை எட்டி மீண்டும் காப்புக் கட்டிக்கொள்கிறான்.

காப்பை அவிழ்க்கவும் தெரிய வேண்டும். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் இருந்தார். ஆலயப் பிரவேசச் சட்டமும், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தில் 1947இல் வந்தவை. ஈராண்டில் பதவி விலகியவர் பின்னர் வடலூரில் தொண்டு செய்து வாழ்ந்து, 1970இல் மறைந்தார். அவருடைய வழிபாட்டு நெறி வேறாயினும், நம் ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவர் செய்ய எடுத்ததைச் செய்துவிட்டுக் கையை விடுவித்துக்கொண்ட நேர்த்தி போற்றுதற்குரியது.

ஓராண்டில் அடங்காதவையும் உண்டு. திந்த்ரிணீ வனம், அதாவது புளியங்காடு, என்பதே திண்டிவனம் ஆயிற்று என்பர். புளி நட்டவன் அவ்வாண்டே காய் பறிப்பதில்லை. நிழலும் புளியும் பேரனுக்கு. குருகூர்ப் புளியடியில் எழுந்தருளியிருந்த நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு, எத்தனையோ தலைமுறை கழித்தன்றோ ஆறாயிரப்படி வந்தது!

உறுதி இடையில் தவறினால்? விரதம் முறிந்ததென்று முழுவதையும் கைவிடுவது அறியாமை. மந்திரத்திலும் கிரியையிலும் நேர்ந்த குறைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டுவது ஆராதனத்தின் முடிவில் நாள்தோறும் உண்டு. குறை நேரும் என்பதை எதிர்பார்த்தே அம்முறை அமைந்துள்ளது. ப்ராதிகூல்ய வர்ஜநத்தில் சறுக்கியவனுக்குக் கார்ப்பண்யம் எஞ்சியிருக்கிறது. தன் கதியின்மையை அன்று அவன் ஏட்டில் படிக்க வேண்டுவதில்லை. அத்தளர்ச்சியோடு மறுநாள் மீண்டும் அமர்ந்து ஸங்கல்பம் செய்வதற்கு எந்தச் சாஸ்திரமும் தடை சொல்லவில்லை.

தவறாமல் முடித்தவனுக்கோ வேறு வகை அபாயம் உண்டு. அதற்காகவே ஸாத்த்விக த்யாகம் விதிக்கப்பட்டது. செய்பவன் நான், செயல் என்னுடையது, பயன் எனக்கு என்னும் மூன்று எண்ணங்களையும் விட்டு, எம்பெருமான் தன் உகப்புக்காகத் தானே செய்வித்துக்கொள்கிறான் என்று அநுஸந்திப்பது அது. கர்மத்தின் தொடக்கத்தில் ஒருமுறையும், முடிவில் ஒருமுறையும் அதனைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சொல்வதைப் பெரும்பாலோர் மறப்பதில்லை. காரியம் நன்றாய் முடிந்த மகிழ்ச்சியில், இரண்டாம் முறை சொல்லாமலே பலர் எழுந்துவிடுகின்றனர்.