மூன்றாவது கையெழுத்து

பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கித் தந்தது யார் என்று கேட்டால் இரண்டு மூன்று தலைவிகளின் பெயரோடு நின்றுவிடுகிறோம். நியூசிலாந்து என்றால் கேட் ஷெப்பர்ட். அந்நாட்டின் 10 டாலர் நோட்டில் இருப்பது அவர் படம்தான். அவருடைய பெருமை பெரியது. ஆனால் அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவர்களை நினைத்தால்தான் எனக்கு வியப்பு.

1891-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போன மனுக்களில் 9,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். மசோதாவைக் கீழவை ஏற்றுக்கொண்டது, மேலவை தள்ளிவிட்டது. 1892-இல் ஏறக்குறைய 20,000 பேர். அந்த ஆண்டும் சட்டம் வரவில்லை. 1893-இல் மறுபடியும் கிளம்பினார்கள். இம்முறை ஏறக்குறைய 32,000 பேர். அங்கிருந்த வயதுவந்த ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களில் இது கிட்டத்தட்ட கால்வாசி.

அந்தத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு துடைப்பக் கம்பில் சுற்றினார்கள். ஜான் ஹால் என்ற உறுப்பினர் சபை நடுவே அதை உருட்டிவிட, அது விரிந்துகொண்டே போய் எதிர்ச்சுவரில் முட்டியது. 270 மீட்டருக்கும் அதிக நீளம். பெயரும் முகவரியுமாக வரிசையாய் நிற்கும் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் எந்த மேடையும் ஏறியவர்கள் அல்லர்.

மனு ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் நாலு வீடு ஏறினால் மூன்று வீட்டில் ஒரே கேள்விதான் வரும்: “போன தடவையும் கொடுத்தோமே, என்ன ஆச்சு?” நியாயமான கேள்வி. முதல் கையெழுத்துக்கு ஆர்வம் போதும், இரண்டாவதற்குக் கோபம் போதும். இரண்டு முறை கைவிரித்த பிறகு போடும் மூன்றாவது கையெழுத்துக்கு வேறொன்று வேண்டும். அதைத்தான் நான் துணிச்சல் என்பேன். சிறைக்குப் போகிற துணிச்சலைவிட அது சிறியதாக இருக்கலாம். ஆனால் அடுப்பையும் பிள்ளையையும் விட்டு நகர முடியாதவர்களாலும் முடிவது அது.

கடைசியில் மேலவையில் சட்டம் தேறியது 20-க்கு 18 என்ற கணக்கில். அதுவும் எப்படி? பிரதமர் செடன் உறுப்பினர் ஒருவரின் ஓட்டை மசோதாவுக்கு எதிராக மாற்றப் பார்த்தார். அந்த ஆத்திரத்தில், அதுவரை எதிர்த்து வந்த இரண்டு பேர் ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அப்படியானால் அதிர்ஷ்டம்தானே என்பீர்கள். இருக்கட்டும். அந்த அதிர்ஷ்டம் வந்த நாளில் மசோதா சபையில் உயிரோடு இருந்ததே, அதற்குக் காரணம் யார்? இரண்டு முறை தோற்றதும் “நமக்கெதற்கு வம்பு” என்று எல்லோரும் கதவைச் சாத்தியிருந்தால், அந்த இரண்டு பேரின் ஆத்திரத்தால் யாருக்கு என்ன பயன்?

1893 செப்டம்பர் 19 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். மாவோரிப் பெண்களுக்கும் சேர்த்தே உரிமை கிடைத்தது. நவம்பரில் நடந்த தேர்தலில் சுமார் 90,000 பெண்கள் ஓட்டுப் போட்டார்கள்.

ஏரிக்கோ பள்ளிக்கோ சாலைக்கோ மனு எழுதிக்கொண்டு யாராவது மறுபடியும் உங்கள் வாசலுக்கு வந்தால், போன முறை என்ன ஆயிற்று என்று கேளுங்கள், தப்பில்லை. கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போடுங்கள்.