வாக்கும் வாக்குறுதியும்: 2016 பிரிட்டன் பொதுவாக்கெடுப்பு எழுப்பும் அறவியல் வினா

'வாக்கு' என்னும் சொல் தமிழில் சொல்லையும் குறிக்கும்; கொடுத்த உறுதிமொழியையும் குறிக்கும்; தேர்தலில் இடும் ஓட்டையும் குறிக்கும். இம்மூன்று பொருளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட நிகழ்வாக, 2016 சூன் 23 அன்று பிரிட்டனில் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பைக் கருதலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்நாடு உறுப்பாக நீடிப்பதா, வெளியேறுவதா என்பது வினா. தகுதியுடையோரில் 72.2 விழுக்காட்டினர் வாக்களித்தனர். அவர்களுள் 51.9 விழுக்காட்டினர் வெளியேறவும் 48.1 விழுக்காட்டினர் நீடிக்கவும் விழைந்தனர். வெளியேற்றம் நிகழ்ந்ததோ 2020 சனவரி 31 அன்று. இடைப்பட்ட காலத்தில் இரு தலைமையமைச்சர்கள் பதவி விலகினர். இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. அந்நிலையின்மையின் அரசியற் காரணங்கள் பலவாறு பேசப்பட்டுள்ளன. ஈண்டு ஆராயப்படுவது அதனடியில் கிடக்கும் அறவியல் வினா: பொருள் வரையறுக்கப்படாத ஒரு வாக்குறுதி எந்த அளவிற்குக் கட்டுப்படுத்தும்?

சட்டநோக்கில் விடை எளிது. இவ்வாக்கெடுப்பை நடத்துவதற்கென 2015-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், முடிவை நிறைவேற்றியே ஆகவேண்டும் என எங்கும் விதிக்கவில்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் அரசு தானே வெளியேற்ற அறிவிப்பைக் கொடுக்க இயலாது என, 2017 சனவரியில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆயின் அறத்தின் வழக்கு சட்டத்தின் வழக்கோடு முடிவதில்லை. மக்கள் முடிவை நிறைவேற்றுவோம் என வாக்கெடுப்பிற்கு முன்பே வீடுதோறும் துண்டறிக்கை அனுப்பிய அரசு, பின்னர் 'இது வெறும் கருத்தறிதலே' என்று கூறுமாயின் அது சொல் தவறுதலேயாகும். மக்கட்பிரதிநிதி தொகுதியாரின் கட்டளைக்கு அன்றித் தன் பகுத்தறிவிற்கே கடமைப்பட்டவன் என்று 1774-இல் பிரிஸ்டல் நகரில் எட்மண்ட் பர்க் வாதிட்டார். அவ்வாதத்தைத் துணைக்கொண்டு முடிவைப் புறந்தள்ளலாம் என்றோரும் உண்டு. தானே மக்களிடம் தீர்ப்பைக் கேட்ட மன்றம், தீர்ப்பு வந்தபின் பர்க்கை நினைவுகூர்வது காலங்கடந்த நினைவு.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. வெளியேறுதல் என்னும் வினையைத் தமிழ் இலக்கண நோக்கில் காண்பது பயன்தரும். நீங்கற்பொருளை ஐந்தாம் வேற்றுமை உணர்த்தும்; சென்றடையும் இடத்தை இக்காலத் தமிழில் பெரும்பாலும் 'கு' உருபு உணர்த்தும். எதிலிருந்து நீங்குவது என்பது வாக்குச்சீட்டில் இருந்தது. எங்குச் செல்வது என்பது இல்லை. ஐந்தாவது இருக்க நான்காவது இல்லாத தொடர் அது. நார்வேயைப் போல ஒன்றியத்திற்கு வெளியே நின்று அதன் ஒற்றைச் சந்தையில் பங்குகொள்வதும் வெளியேற்றமே. கனடாவைப் போல வணிக உடன்படிக்கை மட்டும் செய்துகொள்வதும் வெளியேற்றமே. எவ்வுடன்படிக்கையுமின்றிப் பிரிவதும் வெளியேற்றமே. ஏறத்தாழ 1 கோடியே 74 இலட்சம் பேர் இவற்றுள் எதனைக் கருதினர் என்பதைச் சீட்டு சொல்லாது. வாக்காளரின் அறியாமையால் வந்த குழப்பம் இது எனக் கூறுவாரின் கருத்து ஏற்கத்தக்கதன்று. வினா குறையுடையதாக இருக்க, விடையளித்தவரைப் பழிப்பது முறையாகாது. வினாத்தாள் அமைக்கும் தொழிலினராகிய நாம் இதனை நன்கறிவோம்.

மூலம் சுருங்கின் உரை பெருகும். புதிய தலைமையமைச்சர் தெரசா மே 'வெளியேற்றம் என்றால் வெளியேற்றம்' என்று கூறியது, அருஞ்சொல்லுக்கு அச்சொல்லையே பொருளாக எழுதிய உரை. 2019 சனவரி 15 அன்று அவர் கொணர்ந்த உடன்படிக்கையை 432 உறுப்பினர் எதிர்த்தனர்; ஆதரித்தோர் 202 பேர். மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகள் வாக்கிற்கு விடப்பட்டபோது ஒன்றேனும் பெரும்பான்மை பெறவில்லை. இதனை உறுப்பினரின் கோழைமை என்று மட்டும் கொள்ளலாகாது. மூன்றோ அதற்கு மேற்பட்டோ வழிகள் உள்ளவிடத்து, ஒவ்வொருவரும் தெளிவான விருப்பவரிசை உடையவராயினும், குழுவின் விருப்பம் முடிவின்றிச் சுழலக்கூடும் எனப் பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785-இல் காட்டினார். ஆகவே மக்களின் விருப்பம் என்று முழுமையான ஒன்று எங்கோ இருந்தது, தலைவர்கள் அதனைக் கண்டறியத் தவறினர் என்னும் எண்ணமே ஐயத்திற்குரியது. பொருள் வரையறுக்கப்படாத வாக்குறுதி, அதனைப் பெற்றவர் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய குறைந்த அளவிற்குக் கட்டுப்படுத்தும் என்பதே என் கருத்து. இங்கு அக்குறைந்த அளவு, உறுப்புரிமை முடிவுறுதல். அதற்கு மேற்பட்டவை எல்லாம் புதிதாக வாதிட்டுப் பெறவேண்டியவை. அவற்றிற்கு 2016-ஐச் சான்று காட்டுதல் பொருந்தாது.

பொருள் தெளிந்தபின் மக்களை மீண்டும் கேட்டிருக்கலாமே எனின், விரும்பிய விடை வரும்வரை வினவுதல் வினவுதலாகாது என்னும் மறுப்பு எழுந்தது. அது வலுவுடைய மறுப்பே. 1992-இல் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை மறுத்த டென்மார்க் மக்கள் 1993-இல் ஏற்றனர். 2008-இல் லிஸ்பன் உடன்படிக்கையை மறுத்த அயர்லாந்து மக்கள் 2009-இல் ஏற்றனர். எனினும் இடைக்காலத்தில் விலக்குகளோ உறுதிமொழிகளோ சேர்க்கப்பட்டமையால் இரண்டாம் வினா முதல் வினாவின் மறுபதிப்பன்று. பிரிட்டனில் இரண்டாம் வாக்கெடுப்பை வேண்டியோருட் பெரும்பாலோர் முதல் முடிவை விரும்பாதவராக இருந்தமையால், நேரிய வினாவும் சூழ்ச்சியாகத் தோன்றிற்று. எவ்வாறு வெளியேறுவது என்பதை மட்டும் கேட்டிருப்பின் அது முதல் வாக்கிற்கு இரண்டகமாகாது.

வாக்களித்த மக்கள் யாவர் என்பதும் கருதத்தக்கது. காமன்வெல்த் நாட்டுக் குடியினர் என்ற முறையில், பிரிட்டனில் வாழ்ந்த இந்தியரும் இலங்கையரும் வாக்குரிமை பெற்றனர். பல்லாண்டு அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடியினரும் போலந்துக் குடியினரும் பெறவில்லை. முடிவினால் வாழ்வுரிமை மாறக்கூடியவர் வெளியே நின்றனர்.

மிகக் கடினமான முடிச்சு வட அயர்லாந்தில் விழுந்தது. முப்பதாண்டுப் பூசலில் ஏறத்தாழ 3,500 பேர் மடிந்தபின் எய்தப்பட்ட 1998-ஆம் ஆண்டின் பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கையும் பொதுவாக்கெடுப்பினால் உறுதிபெற்றதே. அங்கு 71 விழுக்காட்டினர் அதனை ஏற்றனர். எல்லைச் சாவடிகள் மறைந்தமை அவ்வமைதியின் கண்கூடான பயன். 2016-இலோ அப்பகுதியினரில் 55.8 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தனர். பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தின் சந்தையை விட்டு நீங்கின் அயர்லாந்துத் தீவின் நடுவே சுங்க எல்லை எழும். வட அயர்லாந்தை மட்டும் அச்சந்தையின் விதிகளுள் நிறுத்தின் எல்லை கடலில் விழும். பிந்தியதே வலியது எனல் சட்டங்களுக்குப் பொருந்தலாம். வாக்குறுதிகளுக்கு அவ்விதி இல்லை. ஒருவர்க்கு முன்னர்க் கொடுத்த சொல்லை, வேறொருவர்க்குப் பின்னர்க் கொடுத்த சொல் அழிப்பதில்லை.

கடல் எல்லையே தேர்ந்துகொள்ளப்பட்டது. பிரிட்டனோடு இணைந்திருத்தலைத் தம் அடையாளமாகக் கொண்டோர் தாம் கைவிடப்பட்டதாக உணர்ந்தனர். 2022 பிப்ரவரியில் அவர்தம் முதன்மைக் கட்சி ஆட்சியினின்று விலக, 2024 பிப்ரவரி வரை அங்குக் கூட்டாட்சி அமையவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் இவ்வணிக ஏற்பாட்டின் தொடர்ச்சி வட அயர்லாந்துச் சட்டமன்றத்தின் வாக்கிற்கு விடப்பட்டு, 48-க்கு 36 என நிறைவேறியது. இரு சமூகத்தாரின் ஒப்புதலும் கிட்டாமையால் அது எட்டாண்டுகளுக்கன்றி நான்காண்டுகளுக்கே செல்லும். அதன்பின் அவ்வினா மீண்டும் கேட்கப்படும்.