தன் தவமும் தலைவன் தாளும்

தீவினைக்கு அஞ்சி இறைவனை அடைவார் பலர். தாம் ஈட்டிய நல்வினையின்மேல் வைத்த பற்றினை விட்டு அவனை அடைவாரோ மிகச் சிலர். திருநாவுக்கரசு சுவாமிகள் சரிதத்தில் சேக்கிழார் பெருமான் இவ்வருமையை விளங்க வைத்திருப்பவும், பலகாலும் அதனை ஓதும் நாம் அவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றோம்.

திருவாமூரிற் பிறந்த மருணீக்கியார் சமணஞ் சார்ந்து, தருமசேனர் எனப் பெயர் பெற்று, அச்சமயத்தார்க்குத் தலைவராய் விளங்கினார். கல்வியும் வாதத்திறனும் நோன்பும் அவர்பால் நிரம்பியிருந்தன. சூலைநோய் பற்றியபோது அவற்றுள் ஒன்றும் துணையாகவில்லை. பாயும் பீலியும் குண்டிகையும் ஒழித்து, வெண்டுகில் உடுத்து, இரவிலே ஒருவரும் அறியாமல் திருவதிகை புக்குத் தமக்கையார் திருவடியில் வீழ்ந்தார். திலகவதியார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தனர்.

அவ்விரவில் அவர் களைந்தது யாது? பாவமா? அன்று, பல்லாண்டு முயன்று ஈட்டிய தவமும், அதனால் எய்திய தலைமையுமேயாம். அது புறச்சமயத் தவமாதலின் எளிதிற் கழிந்தது என்று கூறிச் சைவராகிய நாம் தப்பிக்கொள்ளுதல் ஆகாது. பூசை நியமந் தவறாது ஆற்றி, செபத்தை எண்ணி வைத்து, அவ்வெண்ணையே தமக்கு அரணாகக் கொள்வார் நம்முள்ளும் உளர். மடங்களிற் சற்று மிகுதியாகவே உளர் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

இஃது ஆணவத்தின் இயல்பு. தீமை செய்தவிடத்து நாணி ஒடுங்கும் 'யான்' என்னும் முனைப்பு, அறஞ் செய்தவிடத்து நிமிர்ந்து நிற்கும். நல்வினையும் பிறவிக்கு வித்தாதலின், இரண்டன் பயனிலும் ஒப்ப உவர்ப்பு நிகழும் இருவினையொப்பினை நம் ஆசிரியர் வற்புறுத்தினர். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரமும், உயிர் இறைவனோடு ஒன்றி அவன் பணியில் வழுவாது நிற்குமிடத்தே மலம் நீங்கும் என்றதன்றித் தன் முயற்சியால் நீங்கும் என்றதில்லை.

அங்ஙனமாயின் ஒழுக்கம் வேண்டா போலும் எனின், அற்றன்று. அடைக்கலம் புக்க பின்னரே சுவாமிகள் திருக்கையில் உழவாரம் ஏறியது. கற்று வல்ல ஒரு தலைவர்க்குப் புற்செதுக்கல் தாழ்ந்த தொழிலென்றே உலகம் மதிக்கும். முதுமையெய்திய காலத்தும் அவர் அதனை ஒழித்திலர். முன்னைய தவம் தமக்குக் காவலாக வேண்டி ஈட்டியது; இப்பணியோ காக்கப்பட்டவர் செய்தது. ஆதலின் இதற்குக் கணக்கு வைக்கும் எண்ணம் எழவில்லை.

திருப்புகலூரில் அவ்வுழவாரம் பட்ட இடமெங்கும் பொன்னும் மணியும் விளங்கின. சுவாமிகள் அவற்றைப் பருக்கைக் கற்களினின்றும் வேறாகக் கண்டிலர். உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தனர்.