பித்தளை என்று விற்ற பொன்

மணலியில் வாழ்பவனுக்குப் பென்சின் வாடை புதிதன்று. 1969இல் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிய காலம் முதல், காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதை மூக்கினாலேயே அறிந்து வருபவர்கள் நாங்கள். ஆயினும் வீட்டு மேசையில் கறுப்புத் தட்டு ஒன்றை வைத்து, அதில் ஓர் அஞ்சல்தலையைக் குப்புறக் கிடத்தி, அதன் முதுகில் பென்சினைச் சொட்டவிட்டு நான் குனிந்து உற்றுப் பார்ப்பதைக் கண்டால் என் மனைவிக்குச் சிரிப்பு வரும். "வெளியில வீசறது போதாதா?" என்பாள்.

நான் தேடுவது ஒரு நட்சத்திரத்தை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் பதித்த இந்திய அஞ்சல்தலைகளை 1911 முதல் லண்டனில் டி லா ரூ நிறுவனத்தார் அச்சிட்டனர். அவற்றின் தாளில் தலைக்கு ஒரு நட்சத்திரம் நீர்க்குறியாக இருக்கும். 1926 முதல் அதே படங்கள் நாசிக் அச்சகத்தில் அச்சாயின. அந்தத் தாளிலோ நட்சத்திரங்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். முகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. முதுகைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். சில தலைகளில் அந்த வேறுபாட்டுக்கு ஏற்ப விலையும் மாறும்.

முன்பெல்லாம் மூர் மார்க்கெட்டில் தலையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து வாங்கினோம். 1985இல் அந்தச் சந்தை தீக்கிரையாயிற்று. இன்று வணிகர் என்பவர் கைப்பேசியில் தோன்றும் ஒரு படம். படத்துக்கு முகம் மட்டுமே உண்டு, முதுகு இல்லை. ஆகவே இணையவழியில் வாங்குபவன் தன் கண்ணை அன்று, விற்பவரின் சொல்லை நம்பியே பணம் அனுப்புகிறான். அந்தச் சொல் தவறாகும்போது எழும் கேள்வியைத்தான் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். வேண்டுமென்றே செய்யும் போலியை நான் சொல்லவில்லை. 1948இல் வெளியான காந்தியடிகளின் பத்து ரூபாய்த் தலையில் 'சர்வீஸ்' என்ற சொல் மேலச்சிட்டவை 100 மட்டுமே. அவற்றுள் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அந்த ஒரு சொல்லைச் சாதாரணத் தலையில் போலியாக அச்சிட்டு விற்பவனைப் பற்றி அறநெறியில் ஐயமே இல்லை, அது திருட்டு. அறியாமல் நேரும் தவறுதான் கடினமானது.

2022இல் ஒருவர் 'ஒற்றை நட்சத்திரம்' என்று குறிப்பிட்டு விற்ற தலையை வாங்கினேன். பென்சினில் பார்த்தால் நட்சத்திரக் கூட்டம். எழுதிக் கேட்டேன். "படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? நான் வல்லுநர் அல்லன்" என்று பதில் வந்தது. பணம் திரும்பவில்லை. இரண்டு நாள் வீட்டில் அவரைத் திருடன் என்றே பேசிக்கொண்டிருந்தேன்.

புனித அக்குவினா தோமையார் தம் இறையியல் தொகுப்பில், வாணிபத்தில் நிகழும் வஞ்சகத்துக்கென ஒரு வினாவையே ஒதுக்கியிருக்கிறார். குறையுள்ள பொருளை அறியாமல் விற்றவன் பாவம் செய்யவில்லை என்கிறார். ஆனால் குறை தெரியவந்ததும் வாங்கியவனுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்கிறார். நம் நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும், விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்றே விதிக்கிறது. ஆக நீதி என் பக்கம் இருந்தது. அந்த உறுதியில் நான் நிம்மதியாக இருந்திருப்பேன், அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடந்தது நடவாமல் இருந்திருந்தால்.

இந்தியா முழுவதற்குமான முதல் அஞ்சல்தலைகள் 1854இல் கல்கத்தா நில அளவை அலுவலகத்தில், கேப்டன் துய்லியரின் மேற்பார்வையில் கல்லச்சில் உருவாயின. கால் தோலா எடையுள்ள கடிதம் எவ்வளவு தொலைவு சென்றாலும் அரையணா என்றானது அப்போதுதான். நீல நிறத்தில் விக்டோரியா அரசியின் தலை. துளைவரிசை இல்லை, கத்தரியால் வெட்டிக்கொள்ள வேண்டும். அந்த அரையணாவுக்கு அடுத்தடுத்து மூன்று மூல அச்சுகள் செய்தார்கள். சேகரிப்பாளர் அவற்றை 'டை' என்பர். நுண்ணிய கோடுகளில்தான் மூன்றுக்கும் வேறுபாடு. மூன்றாம் டையின் விலை முதலாவதைவிடப் பன்மடங்கு.

வடநாட்டு வணிகர் ஒருவர் ஒரு குடும்பத்தின் பழைய தொகுப்பைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஓர் அரையணா: 'முதலாம் டை, 1,800 ரூபாய்.' படத்தைப் பெரிதாக்கினேன். மூன்றாம் டை என்று பட்டது. மீண்டும் பெரிதாக்கினேன். கை நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு எழுதலாமா என்ற எண்ணம் வந்தது; வந்த வேகத்திலேயே அதை ஒதுக்கிவிட்டுப் பணத்தைச் செலுத்தினேன். தலை வந்தது. ஆல்பத்தில் அதன் கீழ்ப் பென்சிலால் 'டை 3' என்று எழுதினேன்.

இராயபுரத்தில் எனக்கு மூத்த நண்பர் ஒருவர் உண்டு; துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், எனக்கு இக்கலையைக் கற்றுத் தந்தவர். அவரிடம் காட்டி, "அண்ணே, அவருக்குச் சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டேன். "எதுக்குத் தம்பி? நாப்பது வருஷம் கண்ணு கெட்டுப் படிச்சிருக்க. அதுக்குக் கூலி இது" என்றார். மனைவியிடமும் சொன்னேன். "போன வருஷம் அந்த ஆளைத் திருடன்னு சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நண்பரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கற்றவனுக்குக் கல்வியால் பயன் இருக்கக்கூடாது என்றால் யார்தான் கற்பார்? பழம்பொருள் விற்பவர், நிலம் வாங்குபவர், மீன் ஏலம் எடுப்பவர் என எல்லாருமே மற்றவரைவிடச் சிறிது கூடுதலாக அறிந்தே பிழைக்கிறார்கள். சட்டமும் அவர் பக்கம்தான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெறும் மௌனம் பொதுவாக வஞ்சகம் ஆகாது என்கிறது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: நோயுற்ற குதிரையை ஏலத்தில் விற்பவன் அதைப் பற்றி வாய் திறவாதிருந்தால் அது வஞ்சகமன்று. ஆனால் வாங்குபவள் அப்போதுதான் வயதுக்கு வந்த அவன் மகளாக இருந்தால் சொல்ல வேண்டியது அவன் கடமை. சட்டம் இயற்றியவர்கள் நல்லவர்கள்தாம். மகளுக்குச் சொல்லவேண்டும் என்று அறிந்திருக்கிறார்கள். எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், மகள் என்ற சொல்லோடு அந்தப் பட்டியலை முடித்துவிட முடியுமா என்பதுதான் என் இடர்ப்பாடு.

தோமையார் வாங்குபவனையும் விட்டுவைக்கவில்லை. விற்பவன் தன் பொருளைக் குறைந்த இனமென்று எண்ணி, பொன்னைப் பித்தளை என்று விற்க, வாங்குபவன் அதை அறிந்தே வாங்கினால், அவன் அநீதியாக வாங்குகிறான். ஈடு செய்யக் கட்டுப்பட்டவன் என்கிறார். அதே வினாவில் வேறொரு நிலையையும் ஆராய்கிறார். தானியம் கொண்டுவந்த வணிகன், பின்னால் வேறு வணிகர்களும் வருகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமா? நீதியின்படி கட்டாயமில்லை, சொன்னால் அது மேலான நற்பண்பு என்பது அவர் விடை. நாளைய விலையைப் பற்றிய அறிவு ஒன்று. கையிலிருக்கும் பொருள் இன்னதென்ற அறிவு வேறொன்று. முதலாவது கற்றவனின் முயற்சிக்கு உரியதாகலாம். இரண்டாவதை மறைக்கும்போது, எதை விற்கிறோம் என்பதையே அறியாத ஒருவரிடமிருந்து நாம் பொருளை எடுத்துக்கொள்கிறோம். கூலி என்று அண்ணன் சொன்னார். கொடுப்பவர் கூலி என்று அறிந்து கொடுத்தால்தானே அது கூலி?

இருவருமே அறியாதபோது குற்றமில்லை. 1873இல் பிரிட்டிஷ் கயானாவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு சென்ட் தலையொன்றை ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2021இல் அது எண்பது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. வாங்கியவருக்கும் அதன் அருமை அன்று தெரியாது. வாஷிங்டனில் 1918 மே 14 அன்று வில்லியம் ரோபே அஞ்சலகச் சாளரத்தில் 24 டாலர் கொடுத்து வாங்கிய நூறு தலைகளில் விமானம் தலைகீழாக அச்சாகியிருந்தது. அவர் 15,000 டாலருக்கு விற்றார். அரசு அச்சடித்துக் குறித்த விலைக்கே விற்றது. அங்கே ஏமாந்த ஏழை யாருமில்லை. என் வணிகர் அரசாங்கம் அல்லர். அவருக்குப் பின்னே பெயர் தெரியாத ஒரு குடும்பமும் இருந்தது.

நிலத்தில் புதையலைக் கண்டவன் உவமை நினைவுக்கு வந்து சில நாள் ஆறுதல் தந்தது. மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்து மனிதன், கண்டதை மறைத்துவிட்டுத்தானே நிலத்தை வாங்கினான்? தோமையார் இதையும் வேறோரிடத்தில் தொட்டிருக்கிறார். முழுப் புதையலுக்கும் உரிமை பெறவே அவன் நிலத்தை வாங்கினான் என்பது அவர் விளக்கம். (நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் அவன் முதலில் ஆட்சியருக்கு எழுதித் தெரிவித்திருக்க வேண்டும்.) ஆனால் அந்த உவமை விண்ணரசின் மதிப்பைச் சொல்ல வந்ததேயன்றிக் கொள்முதல் வழிகாட்டி அன்று. மேலும், அவன் தனக்குள்ளதை எல்லாம் விற்றான். நான் விற்றது எதுவுமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் வெள்ளம் ஏறியது. எண்ணெய் கலந்த நீர் எண்ணூர்க் கழிமுகம் வரை படர்ந்து, மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கிய நாட்கள் அவை. (ஈடு என்ற சொல்லை அவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.) இரவில் மின்சாரம் இல்லை. கணுக்கால் அளவு நீரில் நின்று நான் முதலில் பரணுக்கு ஏற்றியது குடும்ப அட்டையையோ நிலப் பத்திரத்தையோ அன்று, அந்த ஆல்பத்தை. விளக்கொளியில் மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

சனவரியில் அந்த வணிகருக்கு எழுதினேன். தலை மூன்றாம் டை என்று வாங்கும்போதே எனக்குத் தெரியும், திருப்பித் தரவோ உரிய விலையைக் கொடுக்கவோ அணியமாயிருக்கிறேன் என்றேன். "முதலில் வல்லுநர் கருத்துப் பெறுங்கள், பிறகு பேசுவோம்" என்று பதில் வந்தது. அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது: முதலாம் டை, கல் தேய்ந்த நிலையில் அடித்தது. வணிகருக்குத் தெரிவித்தேன். "ஆக, நான் எழுதியதே சரி. நன்றி" என்று எழுதினார். ஒரு சிரிப்புக் குறியும் இருந்தது.

என் நண்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பித்தளையைப் பித்தளைன்னு வித்தவர்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டியா தம்பி?" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒன்பது மாதங்கள் ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. மனச்சான்று தவறாக அறிந்திருந்தாலும், அதற்கு எதிராக நடப்பவன் பாவமே செய்கிறான் என்று தோமையார் கூறுவதை எல்லாரும் அறிவோம். நான் வைத்திருந்தது பித்தளை. ஆனால் பொன் என்று நம்பியே மறைத்து வைத்திருந்தேன். யாருக்கும் ஒரு ரூபாய் நட்டமில்லை, ஈடு செய்ய எதுவுமில்லை. ஆனால் செய்ததைச் செய்தேன். வணிகரின் கண்ணைக் குறைத்து மதிப்பிட்டதும் சேர்ந்து.

பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரிக்க அமர்ந்தபோதுதான் இன்னொன்று நினைவில் எழுந்தது. 1979இல் மூர் மார்க்கெட் நடைபாதையில் ஒரு பெரியவர் சிகரெட் பெட்டிகளில் தலைகளைக் கொட்டி வைத்திருப்பார். ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவுக்காக 1935இல் வெளியிட்ட மூன்றரையணாத் தலையில் அமிர்தசரஸ் பொற்கோயில் இருக்கும். அதில் அபூர்வமாக, பறவை ஒன்று பறப்பது போன்ற அச்சுப்பிழை தென்படும். அதைப் பற்றி நூலகத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். பெரியவரின் பெட்டியில் அந்தப் பறவை இருந்தது. விலை கேட்டேன். "எது எடுத்தாலும் நாலணா, தம்பி" என்றார். நாலணாவைக் கொடுத்துவிட்டு, அவர் மனம் மாறிவிடுமோ என்று வேகமாக நடந்தேன். அதுவோ உண்மையான பறவை. அதற்குச் சான்றிதழும் வாங்கிவிட்டேன்.

தீக்குப் பிறகு அவரை நான் காணவில்லை. பெயரும் கேட்டதில்லை. உரியவரைக் கண்டறிய முடியாதபோது அவர் ஆன்ம நலனுக்காக ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று தோமையார் வழி சொல்லியிருக்கிறார். ஆகவே தலையை விற்க வேண்டும். இன்று என்ன விலை என்று அறிய இணையத்தில் தேடினேன். மூன்று பேர் அதே தலையை விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவருடையதில் இருந்தது பறவையன்று, வெறும் மைப்புள்ளி. அவருக்கு அன்றே எழுதிவிட்டேன். என்னுடையதை உறையிலிட்டு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், இன்னும் விற்கவில்லை.